ஒட்டிக்கொண்ட டார்ட்டிலாவும் ஒரு கம்பி வலையும்

ஃப்ரீசரில் வைத்த டார்ட்டிலாக்கள் (சப்பாத்தி போன்ற மெக்சிகன் ரொட்டி) ஒரே பலகையாக ஒட்டிக்கொண்டன. பிரித்தால் நடுவில் கிழிந்தன. மூன்று முறை வீண். இடையில் மாவு தூவினேன், கல்லில் போட்டதும் அந்த மாவுதான் முதலில் கருகியது. பட்டர் பேப்பர் வைத்தேன், பேப்பரும் சேர்ந்து ஒட்டியது.

அப்புறம்தான் கவனித்தேன்: ஈரம் அடிப்பக்கத்தில். தட்டில் ஆற வைத்ததால் ஆவி போக வழியில்லாமல் அங்கேயே வியர்த்து, ஃப்ரீசரில் பனியாகிப் பசைபோல் பிடித்திருக்கிறது. மேல்பக்கம் தொட்டால் உலர்ந்தே இருக்கும், அதில்தான் ஏமாந்தேன்.

இம்முறை கம்பி வலையில் தனித்தனியாகப் பரப்பி, பாதியில் திருப்பிப்போட்டு, இரு பக்கமும் சூடு அடங்கும்வரை விட்டேன். பிறகு இடையிடையே அதே பட்டர் பேப்பர், காற்றை அழுத்தி எடுத்த ஜிப் பை, மடங்காமல் ஃப்ரீசரில். பத்து நாள் கழித்து எடுத்தால், சீட்டுக்கட்டு போல ஒவ்வொன்றாக வந்தது. அப்பாடா!