கிளென்கோவில் தங்கினால் சாப்பிட எங்கே போவது? முதன்முறை போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் லாட்ஜ் என்றால், பேருந்து நிலையத்துக்கு எதிரே அறை வாடகைக்குக் கிடைக்குமே, அந்த லாட்ஜ் இல்லை. ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ தனியாக நிற்கும் மரவீடு. அடுப்பு, பாத்திரம், ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளே இருக்கும். ஆனால் சாப்பாடு கொண்டுவந்து தர ஆள் கிடையாது, நடந்துபோகும் தூரத்தில் கடையும் இருக்காது. கிளென்கோ பள்ளத்தாக்கில் அப்படி ஒரு வீட்டில் ஒரு வாரம் தங்கினோம். முதல் நாளே இரவுச் சாப்பாடு கிடைக்காமல் போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: வெளிச்சத்தை நம்ப வேண்டாம்

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தே கால் ஆகிவிடும். எட்டரை மணிக்கு நம்மூர் நாலு மணி போல வெளிச்சம் இருக்கும். சாவகாசமாகக் குளித்துக் கிளம்பி, ஒன்பது அடித்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு பப்புக்குள் நுழைந்தோம். உள்ளே நல்ல கூட்டம், பாரும் திறந்திருந்தது. சமையலறையை மட்டும் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் அன்று பொட்டலச் சிப்ஸைத் தின்றுவிட்டுத் தூங்கினார்கள்.

பார் மூடும் நேரம் வேறு, கிச்சன் மூடும் நேரம் வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பல இடங்களில் எட்டரைக்கோ ஒன்பதுக்கோ ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்திருப்பதுதான் பாதுகாப்பு. குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. நவம்பர் முதல் ஈஸ்டர் வரை சில இடங்கள் திறப்பதே இல்லை.

படி 2: காலையிலேயே போன் செய்யுங்கள்

பள்ளத்தாக்குக்குள் பல இடங்களில் சிக்னல் வராது. அதனால் லாட்ஜின் வைஃபையில் இருக்கும்போதே மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு, போன் செய்து மேசை பிடித்துவைக்கச் சொல்லிவிடுங்கள். மூன்று கேள்விகள் போதும்: கிச்சன் எத்தனை மணி வரை, பிள்ளைகளை எத்தனை மணி வரை உள்ளே விடுவீர்கள், சைவம் என்ன இருக்கிறது. இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அந்தந்த பப்பின் உரிமத்தைப் பொறுத்து, இரவு ஒரு நேரத்துக்கு மேல் சிறுவர்களை உள்ளே விட முடியாது.

படி 3: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கிளென்கோ கிராமத்திலிருந்து பழைய சாலையில் கொஞ்சம் உள்ளே போனால் கிளாஹெய்க் இன் என்ற விடுதி. இங்கே பூட்ஸ் பார் என்றே ஒரு பகுதி இருக்கிறது. மலையேறிவிட்டு ஈரக் காலணியோடு வருகிறவர்கள் அப்படியே வந்து உட்காரலாம். வரவேற்பறையில் ஒரு பலகையைப் பார்ப்பீர்கள்: தெரு வியாபாரிகளுக்கும் கேம்பெல் குலத்தாருக்கும் இடமில்லை என்று எழுதியிருக்கும். 1692 பிப்ரவரியில் இந்தப் பள்ளத்தாக்கின் மெக்டொனால்ட் குலத்து மக்கள், கிளென்லையனைச் சேர்ந்த ராபர்ட் கேம்பெல் தலைமையில் வந்த படைவீரர்களைத் தங்கள் வீடுகளில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். சுமார் 12 நாள் அவர்கள் கையால் சாப்பிட்ட அந்த வீரர்கள், 13-ம் தேதி விடியும் முன் எழுந்து சுமார் 38 பேரைக் கொன்றார்கள். பனியில் தப்பி ஓடி இறந்தவர்கள் தனி. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதை நம்மால் பொறுக்க முடியாது, அந்த ஊர்க்காரர்களாலும் முடியவில்லை. அந்தக் கதை தெரிந்தபின் அங்கே வைத்த சூப் கிண்ணத்தைக் கொஞ்சம் மரியாதையோடுதான் கையில் எடுத்தேன்.

கிளென்கோ கிராமத்திலிருந்து கிழக்கே 20 கி.மீ. அளவில், ரானக் மூர் என்ற சதுப்பு வெளியின் விளிம்பில் கிங்ஸ்ஹவுஸ் ஹோட்டல். சுற்றிலும் வேறு வீடே இல்லை, மான்கள் பக்கத்திலேயே மேயும். கின்லாக்லெவன் ஊரில் நடைப்பயணிகளுக்கான எளிய பப்கள் உண்டு. 154 கி.மீ. வெஸ்ட் ஹைலேண்ட் வே நடைபாதை இந்த இரண்டு இடங்களின் வழியாகவும் போவதால் கோடையில் கூட்டம் சேரும். மசாலா வாசனைக்கு மனம் ஏங்கினால் 26 கி.மீ. தள்ளி ஃபோர்ட் வில்லியம் இருக்கிறது. எதுவுமே சரிவரவில்லையா, பாலஹூலிஷ் கோ-ஆப் கடையில் முட்டையும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மெனுவைப் படியுங்கள்

ஹாகிஸ்: ஆட்டு ஈரல், இதயம், நுரையீரலைப் பொடியாக அரிந்து ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து வேகவைத்தது. குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமே இல்லை. மசித்த உருளையும் மஞ்சள் டர்னிப்பும் கூட வரும். பருப்பு, ஓட்ஸ், விதைகளால் செய்த சைவ ஹாகிஸும் உண்டு. மெக்ஸ்வீன் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்தது அது. சைவக்காரர்கள் தயங்காமல் கேளுங்கள், நல்ல ருசி.

கல்லன் ஸ்கிங்க் என்பது புகையூட்டிய ஹாடக் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் சேர்ந்த சூப். மழையில் நனைந்து வந்த மதியத்துக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் இரண்டைக் கேட்டே ஆக வேண்டும். சூப் எந்த ஸ்டாக்கில், அதாவது எலும்போ காயோ வேகவைத்த எந்தச் சாறில் செய்தது? உருளைக்கிழங்கு வறுவல் எந்தக் கொழுப்பில் பொரித்தது? சில மீன் வறுவல் கடைகளில் இன்னும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

படி 5: ஆர்டர் செய்வது

பப்பில் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வராமல் போகலாம். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு பாருக்குப் போய்ச் சொல்லி, பெரும்பாலும் அங்கேயே பணமும் கட்டிவிட வேண்டும்.

படி 6: திரும்பி வருவது

வண்டி ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் அளவு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி. ஆல்கஹால்தான். இங்கிலாந்தில் 80. அங்கே பழகியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒற்றைத் தடச் சாலைகளில் ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிரில் வருகிறவருக்கு வழி விடுங்கள். அப்புறம், அந்தி நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும். ஒன்று கடந்ததும் வண்டியை எடுத்துவிடாதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரும்.