போகும்போதே எதிர்காற்றை வாங்கிக்கொள்ளுங்கள்

நகரத்தை விட்டு வெளியே சைக்கிளில் கிளம்பும் நாளில், காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசைக்கே முதலில் போங்கள். வானிலைச் செயலி மேற்குக் காற்று என்றால் அது மேற்கிலிருந்து வருவது. மேற்கே போய்த் திரும்புங்கள்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: வேகம் இரட்டித்தால் தடை 4 மடங்கு. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிக்கும்போது 15 கி.மீ. எதிர்காற்று வந்தால், தடை ஏறக்குறைய 3 மடங்கு. கால் புதிதாக இருக்கும்போது அதைச் சமாளித்துவிடலாம். பின்காற்றில் உற்சாகமாக வெகுதூரம் போய்விட்டு, தண்ணீர் தீர்ந்த நேரத்தில் எதிர்காற்றில் வீடு திரும்புவதுதான் கொடுமை. ரயிலில் சைக்கிளை ஏற்ற அனுமதி உண்டென்றால் இன்னும் நல்லது: எதிர்காற்றுத் திசையில் ரயிலில் போய், திரும்பி மட்டும் மிதித்து வரலாம்.

கடலோர நகரங்களில் காலைக் காற்றை நம்ப வேண்டாம். வெயில் ஏறியதும் கடற்காற்று கரை நோக்கி வீசத் தொடங்கும். உள்நாட்டிலிருந்து திரும்புபவருக்கு அது நேர் எதிர். அங்கே முற்பகலுக்குள் திரும்பிவிடுங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே மட்டும் சுற்றுவதானால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே காற்று தெருவுக்குத் தெரு திசை மாறும்.