பிக்கிள் மார்கரிட்டா: ஜாடித் தண்ணீரை ஊற்றுவதற்கு முன்

போன மாதம் டாலஸில் ஒரு நண்பர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பார்பிக்யூ. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் மார்கரிட்டா (டெக்கீலாவும் லைமும் கலந்த காக்டெய்ல்) கலக்கும் பொறுப்பை ஆசையாக வாங்கிக்கொண்டார். நல்ல பிளாங்கோ டெக்கீலா (கற்றாழை போன்ற அகாவே செடியிலிருந்து வடிக்கும் மதுவின் வெள்ளை வகை), அப்போதே பிழிந்த லைம் சாறு, ட்ரிபிள் செக் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) என்று எல்லாம் முறையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் டில் பிக்கிள் (வெள்ளரிக்காய் ஊறுகாய்) ஜாடியைத் திறந்தார். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அத்தனை தண்ணீரும் ஜக்கில் இறங்கிவிட்டது.

"அண்ணா, ஃபுல்லா ஊத்திட்டேன், சூப்பரா வரும்ல?" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஏழு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் குறைந்தது நாலு பேராவது என் கண்முன்னால் செய்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். புட்டியில் அடைத்த லைம் சாறு வேண்டாம், ஐஸ் நிறையப் போடுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிக்கிள் தண்ணீரை எசன்ஸ் மாதிரி நினைப்பது

ரசத்துக்குத் தக்காளி கூடப் போட்டால் புளியைக் குறைத்துக் கரைக்கிறோம். இரண்டையும் முழு அளவில் போடுபவர் நம் வீடுகளில் கிடையாது. அதே கை, பிக்கிள் ஜாடியைப் பிடித்ததும் கணக்கை மறந்துவிடுகிறது. 'பிக்கிள் ஃபிளேவர்' என்ற பெயர்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஏதோ வாசனைக்கு விடும் பொருள் என்று மனதில் பதிந்துபோகிறது.

ஜாடியில் இருப்பது தண்ணீர், வினிகர், உப்பு. டில் (நம் சதகுப்பை), பூண்டு, கடுகு, மிளகு எல்லாம் அதன் பின்னால் வருபவை. மார்கரிட்டாவில் புளிப்புக்கு ஏற்கெனவே லைம் இருக்கிறது, உப்புக்குக் கிளாஸ் விளிம்பில் தடவும் உப்பு இருக்கிறது. எதையும் குறைக்காமல் ஜாடித் தண்ணீரை விட்டால் புளிப்பும் இரண்டு மடங்கு, உப்பும் இரண்டு மடங்கு.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. லைமின் புளிப்பு சிட்ரிக் அமிலம், அது நாக்கோடு நின்றுவிடும். வினிகரின் அசிட்டிக் அமிலம் ஆவியாகக்கூடியது. கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போதே மூக்கில் ஏறும். டில் மணமும் அகாவே மணமும் வந்து சேருவதற்கு முன்பே வினிகர் வாசலில் நிற்கும்.

என் கதை ஜூலை 4 அன்று நடந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒரே ஜக்கில் கலந்துவிடலாம் என்று 750 மி.லி டெக்கீலா புட்டி முழுவதையும் ஊற்றினேன். ட்ரிபிள் செக் 360, லைம் சாறு 360. லைம் பிழிந்தே உள்ளங்கை வலித்தது. அதன்மேல் இரண்டு ஜாடி பிக்கிள் தண்ணீர், அரை லிட்டருக்கு மேல் இருக்கும். முதல் வாய் குடித்தவர் மரியாதைக்காக விழுங்கிவிட்டுக் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். நான் குடித்துப் பார்த்தேன். கரித்தது. தொண்டை இறுகியது.

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். இனிப்பைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று அகாவே பாகைச் சாய்த்தேன். இனிப்பு புளிப்பை அமுக்கும், அவ்வளவு உப்பை அதனால் மறைக்க முடியாது. சர்க்கரை போட்ட கடல் தண்ணீர் மாதிரி ஆனது. சோடா ஊற்றினேன், குமிழியோடு வினிகர் வாடை இன்னும் மேலே கிளம்பியது. கடைசியில் மொத்தமும் சிங்க்கில் போனது. மறுநாள் காலை வரை சமையலறையில் அந்த வாடை நின்றது. காசு போனதைக்கூட மறந்துவிட்டேன். ஊற்றுவதற்கு முன் ஒரே ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. சாம்பாருக்கு உப்புப் பார்க்காமல் யாராவது பந்தியில் பரிமாறுவார்களா?

இங்கே வீடுகளில் ஒரு கிளாஸுக்கு 60 டெக்கீலா, 30 ட்ரிபிள் செக், 30 லைம் என்று கலப்பார்கள். பிக்கிள் சேர்க்கும்போது நான் லைமை 20 மி.லி-க்கு இறக்கிவிடுவேன். பிக்கிள் தண்ணீர் 15 மி.லி, அதாவது ஒரு டேபிள்ஸ்பூன், அதற்குமேல் கிடையாது. ட்ரிபிள் செக் 22, கூட ஒரு டீஸ்பூன் அகாவே பாகு. ஜாடிக்கு ஜாடி உப்பு மாறும். நாக்கில் வைத்ததும் முகம் சுருங்கினால் 10 போதும். பத்தாவிட்டால் அப்புறம் விட்டுக்கொள்ளலாம், விட்டதை எடுக்க முடியாது.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? சர்க்கரைப் பக்கம் போகாதீர்கள். அந்த ஜக்கை ஓரமாக வைத்துவிட்டு, பிக்கிள் தண்ணீரே இல்லாமல், லைமையும் பாதியாக்கி இன்னொரு ஜக் கலந்து, பழையதிலிருந்து அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ருசி பாருங்கள். அந்தத் தம்பியின் ஜக்கை அப்படித்தான் மீட்டோம். அதற்காக இன்னொரு புட்டி திறக்க வேண்டியிருந்தது.

எந்த ஜாடி

அமெரிக்கக் கடை அலமாரியில் 'பிரெட் அண்ட் பட்டர்' என்று எழுதிய பிக்கிள் இருக்கும். பார்க்க டில் பிக்கிள் போலவே இருந்தாலும் அது சர்க்கரையும் மஞ்சளும் போட்ட இனிப்பு வகை. அந்தத் தண்ணீர் ஆகாது. டில் என்று போட்டவற்றிலும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருந்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் 'யெல்லோ 5' சாயம் இருக்கும்.

என் விருப்பம் குளிர்பெட்டியில் வைத்து விற்கும், வினிகரே சேர்க்காமல் உப்புத் தண்ணீரில் புளிக்கவிட்ட வகை. தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், அதைக் கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். லாக்டிக் அமிலத்தின் புளிப்பு அது. தயிரின் புளிப்பைப் போல மிருதுவாக இருக்கும், மூக்கில் ஏறாது. டெக்கீலாவோடு அவ்வளவு அழகாகச் சேரும். அதிலும் உப்பு உண்டு, ஸ்பூன் பரிசோதனை அதற்கும் வேண்டும்.

மாங்காய் ஊறுகாய், ஆவக்காய்

வேண்டாம். எண்ணெய் மேலே மிதக்கும்.

எலுமிச்சை என்று நினைத்து 'லெமன்' கேட்டு மஞ்சள் பழம் வாங்குவது

பச்சையாக இருக்கும் லைம்தான் வேண்டும்.

புட்டியில் என்ன எழுதியிருக்கிறது

டெக்கீலா என்ற பெயர் வைக்க 51 சதவீதம் நீல அகாவே சர்க்கரை இருந்தால் போதும், மீதி கரும்புச் சர்க்கரையாகவோ வேறாகவோ இருக்கலாம். '100 சதவீத அகாவே' என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். பிளாங்கோ போதும். ஓக் பீப்பாயில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த அன்யேஹோவின் வெனிலா வாசனை டில்லோடும் பூண்டோடும் ஒத்தே போகாது. விலை கூடினால் ருசி கூடும் என்ற நினைப்பு இங்கே பொய்த்துவிடும்.

விளிம்பு முழுக்க உப்பு

பாதி விளிம்பு போதும். தஹீன் மசாலாப் பொடி தடவினாலும் அப்படியே, மிளகாய்த்தூளோடு அதிலும் உப்பு இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவர்களுக்கு விளிம்பு உப்பே வேண்டாம்.

முதல் நாளே கலந்து வைப்பது

டெக்கீலாவையும் ட்ரிபிள் செக்கையும் முதல் நாளே சேர்த்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். லைமும் பிக்கிள் தண்ணீரும் விருந்தாளிகள் வரும் நேரத்தில்தான். லைம் சாறு ஒரு ராத்திரி இருந்தால் ருசி செத்துவிடும்.

இங்கே பலரும் கோட்டைவிடுவது தண்ணீரை. ஷேக்கரில் ஐஸ் போட்டு பதினைந்து நொடி குலுக்கும்போது ஐஸ் உருகி, கலவையில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் சேருகிறது. ஜக்கில் கலப்பவர்களுக்கு அந்தத் தண்ணீர் கிடைப்பதில்லை. பன்னிரண்டு கிளாஸ் கலவைக்குச் சுமார் 360 மி.லி குளிர்ந்த தண்ணீரை நீங்களே விட வேண்டும். விடாவிட்டால் காட்டமாக இருக்கும், ஆனால் உப்பும் புளிப்பும் அந்தக் காட்டத்தை மறைத்துவிடும். பானகம் மாதிரி மளமளவென்று குடித்துவிட்டு எழும்போதுதான் தெரியும்.

பிளெண்டரில் அடிப்பது

ஃப்ரோசன் மார்கரிட்டாவுக்கும் டாலஸுக்கும் நெருங்கிய உறவு. மரியானோ மார்டினெஸ் 1971-இல் இங்கேதான் சாஃப்ட் சர்வ் ஐஸ்க்ரீம் இயந்திரத்தை மாற்றியமைத்து அதைச் செய்தார், அந்த இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிக்கிளை அப்படியும் அடிக்கலாம். கடுங்குளிரில் இனிப்பு மங்கும் என்பதால் அகாவே பாகை இரண்டு டீஸ்பூனாக்குங்கள். காயையும் சேர்த்து அடிக்காதீர்கள், தோல் பல்லில் மாட்டும்.

தண்ணீர் போன ஜாடி

தண்ணீரை வடித்துவிட்டுக் காயை அப்படியே விட்டால் மேலே நிற்பவை கொழகொழத்துப் பூசணம் பிடிக்கும். மிச்சக் காயைச் சின்ன ஜாடிக்கு மாற்றி, மூழ்கும்படி தண்ணீர் நிறுத்துங்கள்.

வெயிலில் லைம் பிழிவது

இது அதிகம் பேருக்குத் தெரியாது. லைம் சாறு பட்ட தோலில் நேர் வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் சிவந்து கொப்பளிக்கும், அப்புறம் கறுத்த திட்டு வாரக்கணக்கில் நிற்கும். சாற்றிலுள்ள ஒரு பொருள் சூரியனின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து செய்யும் வேலை. டெக்ஸஸ் கோடையில் நீச்சல் குளத்தின் ஓரமாக உட்கார்ந்து பிழிந்த என் தோழி ஒருவருக்கு விரல் இடுக்கெல்லாம் அப்படி ஆனது. சமையலறையில் பிழிந்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள்.

அந்தத் தம்பி அன்று பிழிந்துகொண்டிருந்தது குடைக்கு வெளியே, உச்சி வெயிலில். இரண்டாவது ஜக் கலக்கும் முன் கையைக் கழுவச் சொல்லி உள்ளே அனுப்பினேன்.