எபாக்ஸி, பியூ (பாலியூரிதேன்), பவுடர் கோட்டிங் வேலையில் தோல் அலர்ஜி வராமல் இருக்க, வந்தால் கண்டுபிடிக்க

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஒரகடத்திலும் பெயின்ட் ஷாப் பக்கம் போனால் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "இதுல வாசனையே இல்ல சார், ஒண்ணும் பண்ணாது." தோல் அலர்ஜி விஷயத்தில் மூக்கை நம்பக் கூடாது. மண்டையைப் பிளக்கும் வாசனை பெரும்பாலும் தின்னருடையது. அது தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, காயவைத்து, வெடிக்கவைக்கும். அலர்ஜியைக் கிளப்புவது இன்னும் இறுகாத ரெசினும் (பூச்சின் பிசின்), அதை இறுக வைக்கும் ஹார்டனரும்தான். இவற்றில் பல, மூக்குக்கே தெரியாது. 'சால்வென்ட் ஃப்ரீ' என்று டப்பாவில் போட்டிருக்கும் எபாக்ஸி தரைப் பூச்சில் தின்னர் இல்லை. அந்த இடத்தையும் சேர்த்து ரெசின் நிரப்பியிருக்கிறது.

எந்த வேலையில் எது கடிக்கிறது என்று தெரிந்துகொள்வது முதல் படி. எபாக்ஸியின் பேஸில், அதாவது ஹார்டனரோடு கலக்கும் முதல் டப்பாவில், இருப்பது பிஸ்பீனால் ஏ வகை ரெசின். அதன் மிகச் சிறிய மூலக்கூறு, எடை 340 உள்ளது, தோலுக்குள் சுலபமாக இறங்கும். ஹார்டனரில் இருக்கும் அமீன்கள் அலர்ஜியும் தரும், காரத்தன்மையால் நேரடியாகப் புண்ணும் ஆக்கும். பவுடர் கோட்டிங்கில் பாலியெஸ்டர் பவுடரோடு வரும் டி.ஜி.ஐ.சி. என்ற ஹார்டனரைக் கவனிக்க வேண்டும். யு.வி. விளக்கில் காயும் பூச்சுகளில் அக்ரிலேட்டுகள். பழைய வகை துருத் தடுப்பு பிரைமரில் குரோமேட். சிமென்ட் வேலைக்காரர்களின் கையைக் கெடுப்பதும் இதே குரோமியம்தான். தண்ணீர் கலந்த வீட்டு பெயின்டும் முழுக்க சாது இல்லை: கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ஐசோதயசோலினோன் காற்றில் பரவி, புதிதாகப் பெயின்ட் அடித்த அறையில் படுத்தவரின் முகத்தைக்கூட வீங்க வைத்துவிடும்.

முழுசாக இறுகிய எபாக்ஸித் தரையில் வெறுங்காலோடு நடக்கலாம், பிரச்சினை இல்லை. ஆபத்து, டப்பா திறந்ததிலிருந்து பூச்சு இறுகும் வரை.

"பத்து வருஷமா இதே வேலை, இப்ப எப்படி வரும்?"

அப்படித்தான் வரும். உடம்பு ஒரு ரசாயனத்தை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ள சிலருக்கு இரண்டு வாரம் போதும், சிலருக்குப் பல வருடம் ஆகும். ஒருமுறை பதிந்துவிட்டால் அழியாது; அதன்பின் துளி பட்டாலும் போதும். ஆனால் பட்ட உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பு, சிவப்பு, பொடிக் கொப்புளம் எல்லாம் வரும். திங்கட்கிழமை பட்டது புதன்கிழமை தெரிவதால், பழி செவ்வாய் ராத்திரி சாப்பிட்ட கருவாட்டின் மீதும் கத்திரிக்காயின் மீதும் விழுகிறது.

உடம்பில் எங்கே வந்திருக்கிறது என்பதை நிதானமாகப் பாருங்கள். விரல் இடுக்கிலும் புறங்கையிலும் இருந்தால் நேரடித் தொடுதல். மணிக்கட்டில் கோடு போட்டதுபோல் நின்றுவிட்டால் கிளவுஸ் ரப்பரில் உள்ள தயூராம் போன்ற ரசாயனமே காரணமாக இருக்கலாம். முகத்தில் வந்திருந்தால் மேல் இமை, காதுக்குப் பின்புறம், தாடைக்குக் கீழ் என்ற மூன்று இடத்தையும் பாருங்கள். அங்கேயும் இருந்தால் காற்றில் வந்த ஆவியோ தூசியோ. அந்த இடங்கள் சுத்தமாக இருந்து நெற்றி, மூக்கு, கன்னம் மட்டும் சிவந்திருந்தால் வெயிலைச் சந்தேகப்படலாம். ஊருக்கு வெளியே இருக்கும் ஷெட்டுகளில் பார்த்தீனியம் செடியாலும் காற்றில் வந்தது போலவே முகத்தில் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கிளவுஸ்

பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. வெள்ளை லேடெக்ஸ் கிளவுஸ் எபாக்ஸிக்கு உதவாது. நீல நைட்ரைல், அதாவது 0.1 மி.மீ. தடிமன் உள்ள மெல்லியது, தெறிப்பைத் தாங்கும், அவ்வளவுதான். தின்னர் கலந்த பெயின்ட் பட்டால் கிழியாமலே உள்ளே கசியும், அசிட்டோன், எம்.இ.கே. போன்ற தின்னர்கள் சில நிமிடத்தில் கடந்துவிடும். கசிந்த ரெசின் கிளவுஸுக்குள் வியர்வையோடு சேர்ந்து ஊறுகிறது. சென்னை மே மாதத்தில் மணிக்கணக்காக அப்படி ஊறினால், வெறுங்கையோடு வேலை செய்ததைவிட மோசம்.

செய்ய வேண்டியது இது. எபாக்ஸி கலக்கவும் பூசவும் பல அடுக்கு பிளாஸ்டிக் லாமினேட் கிளவுஸை உள்ளே போட்டு, பிடிமானத்துக்கு மேலே நைட்ரைல் போடுங்கள். லாமினேட் தொளதொளவென்று இருக்கும், ஆனால் ரெசினை நிறுத்துவதில் அதற்கு இணை குறைவு. அது கிடைக்காவிட்டால் குறைந்தது 0.4 மி.மீ. தடிமன் நைட்ரைல், முன்கை வரை நீளமானது. வாங்கும்போது பாக்கெட்டில் இ.என். 374 என்ற ரசாயனக் கையுறைத் தரக் குறியும், அதன் கீழ் எழுத்துகளும் இருக்கிறதா பாருங்கள்: 'எஃப்' என்றால் டொலுயினுக்கும், 'பி' என்றால் அசிட்டோனுக்கும் சோதித்தது. வியர்வைக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, அது நனைந்ததும் மாற்றுங்கள்.

மெல்லிய கிளவுஸை ரெசின் பட்டதும் கழற்றி எறியுங்கள். கழுவி மறுபடி போடுவது கம்பெனிக்கு நாலு காசு மிச்சம், கைக்குக் கேடு. பேரியர் கிரீமோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டு இறங்குவது கிளவுஸுக்கு மாற்று ஆகாது. எண்ணெய்க்கு இடம் வேலை முடிந்து கை கழுவிய பிறகு. அப்போது தாராளமாகத் தடவுங்கள்.

இன்னொன்று, கிளவுஸோடு போன் எடுப்பது. ரெசின் ஒட்டிய விரல் திரையில் பட்டு, அந்தத் திரை சாயங்காலம் கன்னத்தில் படுகிறது. ஹெல்மெட் வார், பைக் கிளட்ச், டிபன் டப்பா பிடி, பேஸ் டப்பாவின் வெளிப்பக்கம் எல்லாம் இதே கணக்கு. "முகத்துக்கு எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்பவர்களின் போன் உறையைத் துடைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

தின்னரில் கை கழுவாதீர்கள்

பனியன் வேஸ்ட்டில் தின்னர் நனைத்துக் கை துடைப்பது எல்லா ஷெட்டிலும் உண்டு. தின்னர் ரெசினை எடுப்பதில்லை, மெல்லியதாகக் கரைத்துக் கை முழுக்கப் பரப்பி, தோலின் காவலையும் திறந்துவிடுகிறது. முதலில் காய்ந்த துணியால் வழித்தெடுங்கள். பிறகு தண்ணீர் இல்லாமல் தேய்க்கும் ஹேண்ட் கிளீனர் பேஸ்ட். இல்லாவிட்டால் சமையல் எண்ணெய் தேய்த்து இளக்கி, சோப்பும் தண்ணீரும். மரத்தூளும் துணி சோப்புத் தூளும் வேண்டாம், தோலைச் சிராய்க்கும். பவுடர் பூத் ஆட்கள் ஏர் ஹோஸால் சட்டையை ஊதிக்கொள்வது பவுடரைக் கழுத்திலும் இடுப்புப் பட்டையிலும் திணிப்பதற்குச் சமம். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள்.

கலக்கும்போதும் தேய்க்கும்போதும்

பேஸ், ஹார்டனர் விகிதத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். டேட்டா ஷீட்டில் 4:1 என்றால் அது எடையா, கொள்ளளவா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. ஹார்டனர் கூடினால் அமீன் மிஞ்சும், குறைந்தால் ரெசின் மிஞ்சும். மிஞ்சியது பூச்சில் இறுகாமல் காத்திருந்து, தேய்க்கிறவரின் கைக்கு வருகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை கெட்டியாகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் கோடையில் ஒரே வாளியில் கலக்காமல் சிறு சிறு அளவாகக் கலக்குங்கள், அவசரத்தில்தான் தெறிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எபாக்ஸி மேல் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். அது அமீன், காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து உண்டானது. நேராக எமரி போட்டால் அமீன் தூசி பறக்கும். கிளவுஸ் போட்டுத் தண்ணீரும் நைலான் ஸ்கிரப்பரும் கொண்டு கழுவியெடுத்து, காயவிட்டுப் பிறகு தேய்க்க வேண்டும். பொதுவாக எபாக்ஸி முழுசாக இறுக 25 டிகிரியில் ஏழு நாள் ஆகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே காய்ந்த எமரியால் தேய்த்தால், பறப்பது பாதி இறுகிய ரெசின். ஈர எமரி, முழுக்கைச் சட்டை, தூசி மாஸ்க்.

பியூ பெயின்ட் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் தோலைவிட நுரையீரலைத் தாக்கும். தோலில் பட்டாலும் அது மூச்சுக்குழல் அலர்ஜிக்கு வழி திறக்கலாம். ஸ்ப்ரே அடிக்கும்போது சாதாரண மாஸ்க் போதாது, வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் மாஸ்க் வேண்டும். சாயங்காலமோ ராத்திரியோ இருமலும் நெஞ்சு இறுக்கமும் வந்தால் மறுநாள் பூத்துக்குள் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

வந்துவிட்டால்

மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஒரு க்ரீம்' கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நியோமைசின் எல்லாம் கலந்த டியூப். ஒரு வாரம் அடங்கும், பிறகு கிளம்பும். நியோமைசினே பலருக்கு அலர்ஜி தரும் என்பது வேறு.

தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அயனாவரம் அல்லது கே.கே. நகர் மருத்துவமனையிலும், மற்றவர்கள் ஜி.எச்., ஸ்டான்லி தோல் பிரிவுகளிலும் விசாரிக்கலாம். முதுகில் சிறு கிண்ணங்களில் சந்தேகப்படும் ரசாயனங்களை ஒட்டி 48 மணி நேரம் வைப்பார்கள்; எபாக்ஸி ரெசின் என்றால் வாசலினில் 1 சதவீதம். திங்கள் ஒட்டினால் புதன் எடுத்துப் பார்த்து, வெள்ளி மறுபடி பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை போகாமல் விட்டால் தாமதமாக வரும் முடிவு கைநழுவும். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கவும் கூடாது. அக்னி நட்சத்திரத்தைத் தவிர்த்து மார்கழியில் வைத்துக்கொள்வது நல்லது. சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை முடிவை மறைக்கும் என்பதால் முன்பே சொல்லுங்கள்.

போகும்போது எடுத்துச் செல்ல: ஒவ்வொரு பொருளின் சேஃப்டி டேட்டா ஷீட் (மூன்றாம் பகுதியில் உட்பொருள், எச்317 என்றால் தோல் அலர்ஜி, எச்334 என்றால் மூச்சு அலர்ஜி), டப்பா லேபிளின் போட்டோ, நீங்கள் போடும் கிளவுஸில் ஒரு துண்டு, எந்த நாள் கூடியது, ஞாயிறும் லீவும் குறைந்ததா என்ற குறிப்பு. பேஸையும் ஹார்டனரையும் நீங்களே கையில் தடவிச் சோதிக்காதீர்கள். நீர்க்காத ஹார்டனர் புண்ணாக்கும், இல்லாத அலர்ஜியையும் உண்டாக்கும்.

எபாக்ஸி பாசிட்டிவ் என்றால் பிராண்டை மாற்றிப் பயனில்லை; லேபிள்தான் வேறு, உள்ளே அதே குடும்ப ரெசின். கலப்பது, பூசுவது, தேய்ப்பது மூன்றிலிருந்தும் விலகி, பேக்கிங், ஸ்டோர் மாதிரி இடத்துக்கு மாற வேண்டும். பெயின்ட், ரசாயனங்களால் வரும் தோல் நோய், தொழிற்சாலைச் சட்டம் 1948-ன் மூன்றாம் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகவே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. எனவே டாக்டர் சான்றில் 'தோல் அலர்ஜி' என்று மட்டும் எழுதி வாங்காமல், ரசாயனத்தின் பெயர், டெஸ்ட் தேதி, எந்த வேலை கூடாது என்பதையும் கேட்டு வாங்குங்கள். அக்ரிலேட் என்று வந்திருந்தால் அதைப் பல் டாக்டரிடமும் காட்டுங்கள். பல் அடைக்கும் பசையும் ஜெல் நெயில் பாலிஷும் அதே குடும்பம்.