ஒரு கண்மாயிலிருந்து ஒரு பாடத்தாள்: துறைகளைச் சேர்த்து நடத்துவது எப்படி

பல்துறைப் பாடம் ஒன்று கொண்டுவரச் சொன்னால் கல்லூரிகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: ஐந்து யூனிட்டை ஐந்து துறைக்குப் பங்கு போட்டுவிடுவோம். ‘நீர்வளம்’ என்று தலைப்பு. முதல் யூனிட் புவியியல், அடுத்தது வேதியியல், அப்புறம் வரலாறு, பொருளியல், கடைசியில் தமிழ். அவரவர் யூனிட்டை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள், பக்கத்து யூனிட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஐந்தையும் சேர்த்துப் பார்க்கிற வேலை, இருப்பதிலேயே கடினமான வேலை, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் விழும். நானும் இரண்டு வருடம் அப்படி ஒரு தாள் நடத்தியிருக்கிறேன். விடைத்தாள்களில் ஐந்து தனித்தனிப் பதில்கள் இருந்தன, ஒன்றுக்கொன்று பேசவே இல்லை.

அதனால் முதலில் தலைப்பை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிடியுங்கள். உங்கள் கல்லூரியிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஏதோ ஒன்றைப் பற்றிய, ஒரே துறையால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி. எங்களுக்கு அது ஒரு கண்மாய், அதாவது பாசன ஏரி. மறுகால் பாய்ந்த வருடத்தில்கூடக் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் ஏன் போய்ச் சேரவில்லை? இவ்வளவுதான் கேள்வி. கண்மாய் நிரம்பி வழிகிறது, கீழே பயிர் காய்கிறது.

இந்த ஒரு கேள்வி யார் யாரைக் கூப்பிடுகிறது என்று பாருங்கள். வண்டல் படிந்து தரை உயர்ந்திருந்தால் கண்மாய் சீக்கிரமே நிரம்பிவிடும், உள்ளே இருக்கிற தண்ணீரோ குறைவு. 40 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் அரை மீட்டர் வண்டல் படிந்தால் 2 லட்சம் கனமீட்டருக்கு இடம் போய்விடும், கிட்டத்தட்ட 70 லட்சம் கன அடி. இது கணக்கு. உள்ளே சீமைக்கருவேலம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தாவரவியல். வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்றால் 2007ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்க வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விட்ட நீர்பாய்ச்சிக்குக் களத்தில் கூலியாக நெல் அளப்பது எப்போது நின்றது, ஏன் நின்றது என்பது பொருளியலும் சமூகவியலும் சேர்ந்த விஷயம். அந்த ஏற்பாடுகளுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் வருடத்தவை, ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் இருந்ததையும் அதற்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்கின்றன. கேள்வி சரியாக இருந்தால் எந்தத் துறையையும் வலிந்து இழுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிடாதீர்கள். ஆசிரியர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். மற்றவர்கள் ஒரு வகுப்புக்கு வந்து போகட்டும். அந்த இரண்டு பேரும் ஒரே வகுப்பில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வரலாற்று ஆசிரியர் சொன்னதற்குக் கணித ஆசிரியர் “எதை வைத்துச் சொல்றீங்க?” என்று கேட்பதை மாணவர்கள் நேரில் பார்க்க வேண்டும். ஒரு துறை எதை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது, இன்னொன்று எதை ஏற்காது என்பது அந்த இடத்தில்தான் புரியும். எந்தப் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் இது கிடைக்காது.

சரி, இதைக் காகிதத்தில் எப்படி நுழைப்பது? தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி 4இல் வரும், வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடமான நான்-மேஜர் எலெக்டிவ்தான் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வரும். இடம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் 2 கிரெடிட்தான், மாணவர்களும் அதை ஓய்வு வகுப்பாகவே பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றாம் வருடத்தில் துறை எலெக்டிவாக வையுங்கள், இரண்டு துறையின் பாடத்திட்டக் குழுவிலும் (போர்டு ஆஃப் ஸ்டடீஸ்) ஒரே குறியீட்டு எண்ணில் நிறைவேற்றுங்கள். பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரியில் இது ஒரு வருட வேலை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் புதுத் தாளுக்குக் காத்திருக்காமல், ஏற்கெனவே இருக்கும் ப்ராஜெக்ட் தாளை இரண்டு துறை சேர்ந்து வழிநடத்துவதில் தொடங்கலாம். கிரெடிட் கணக்கு போடும்போது ஒன்று: வகுப்பு என்றால் 1 கிரெடிட்டுக்கு 15 மணி நேரம், செய்முறை என்றால் 30. கண்மாய்க் கரையில் நிற்பதைச் செய்முறையாகக் காட்டினால்தான் களத்துக்குப் போதுமான நேரம் கிடைக்கும்.

அப்புறம் வேலைப்பளு. ஒரே வகுப்பில் இரண்டு பேர் நின்றால் அந்த மணி நேரம் இருவர் கணக்கிலும் ஏறுமா, பாதிப் பாதியா? நல்ல முயற்சிகள் பல இந்த ஒரு கேள்வியில்தான் படுத்துவிடுகின்றன. செமஸ்டர் தொடங்கும் முன்பே முதல்வரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்மொழி உத்தரவாதத்தை நம்பி இறங்க வேண்டாம். ஒரு வருடம் அப்படி இறங்கி, என்னோடு நடத்தியவருக்கு அந்த நேரம் கணக்கிலேயே வரவில்லை. அடுத்த வருடம் அவர் வரமுடியாது என்று சொன்னபோது என்னால் வற்புறுத்த முடியவில்லை.

முதல் இரண்டு வாரம் சொற்களுக்கு ஒதுக்குங்கள். ‘கொள்ளளவு’ என்றால் பொறியாளருக்குக் கன அடி, ஊரில் கேட்டால் “ஒரு போகத்துக்குக் காணும்” என்பார்கள். அதுவும் ஓர் அளவுதான், பயிரையும் நாளையும் சேர்த்துச் சொல்கிற அளவு. வயதான நீர்பாய்ச்சி ஒருவர் எங்கள் மாணவர்களிடம், “டேப்பை உள்ள வைங்க தம்பி, மடைக்கல்லுல எத்தனை படி நனைஞ்சிருக்குன்னு எண்ணுங்க” என்றார். எண்ணினார்கள். படியின் உயரத்தை அளந்தார்கள், தண்ணீர் ஒவ்வொரு படி இறங்கும்போதும் நீர்ப்பரப்பு எதுவரை சுருங்குகிறது என்று கரையோரம் முளை அடித்துக் குறித்தார்கள். செமஸ்டர் முடிவதற்குள் அவர் ‘ஏழு படித் தண்ணி’ என்று சொன்னதற்குக் கனமீட்டரில் ஓர் எண் வந்திருந்தது. அவரும் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, நான்காம் படிக்குக் கீழே தண்ணீர் இருந்தாலும் மடை வழியாக வெளியே வராது, அதைக் கழியுங்கள் என்று திருத்தினார். அந்த ஒரு திருத்தம் எங்கள் கணக்கையே மாற்றிவிட்டது.

மதிப்பெண்ணை யோசிக்காமல் விட்டால் இவ்வளவும் வீண். பல இடங்களில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75 என்றுதான் இருக்கும். முடிந்தால் களத்தாளாகக் காட்டி இன்டர்னலை உயர்த்துங்கள். முடியாவிட்டால் வினாத்தாளிலாவது ஒரு கேள்வியை மாற்றுங்கள்: ஒரு வரைபடம், ஒரு கல்வெட்டு வரி, ஒரு மழை அட்டவணை மூன்றையும் கொடுத்து, இவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று கேளுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இரண்டு துறையாரும் உட்கார வேண்டும், வேதியியல் மாணவரிடம் வரலாற்று ஆசிரியர் கேட்கட்டும்.

ஆராய்ச்சிக்கும் இதே வழிதான், பொறுப்பு மட்டும் கூடுதல். 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) பிஎச்.டி. விதிமுறைகளில் வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும் இணை வழிகாட்டி வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பதைத் தரவு எடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். கீழடி அகழாய்வை நினைத்துப் பாருங்கள். 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் கரி மாதிரிகளின் காலத்தை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகம் கணித்தது, எலும்புகளைப் புனேயின் டெக்கான் கல்லூரி பார்த்தது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்று வந்தது. அந்த எண் ஆய்வகத்தினுடையது, ஆனால் ஆழத்தையும் மண்ணடுக்கையும் குழியில் நின்றவர் பிசகாமல் குறித்து வைத்ததால்தான் அதற்குப் பொருள் இருக்கிறது. அதனால் மாதிரியை இன்னொரு துறையிடம் கொடுக்கும்போது எங்கே, எப்போது, யார், எப்படி எடுத்தது என்ற குறிப்பையும் சேர்த்தே கொடுங்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது, நாள்காட்டி. தாளை ஜூனில் தொடங்கும் செமஸ்டரில் வையுங்கள். அப்போது கண்மாய் காய்ந்து கிடக்கும், உள்ளே நடந்தே அளக்கலாம், வண்டலில் குழி தோண்டலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் அதே இடத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கலாம். முடிவில் அறிக்கையைத் தமிழில் எழுதி ஒரு படி ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள், அடித்த முளைகளைப் பிடுங்காமல் விட்டுவாருங்கள். அடுத்த ஜூனில் புது மாணவர்கள் அந்த முளைகளிலிருந்தே அளக்கத் தொடங்கலாம்.