வெள்ளை எலி வளர்க்கலாமா? முதலில் கூண்டு, அப்புறம்தான் எலி

கடையில் வெள்ளை எலிக்குட்டியைப் பார்த்ததும் உடனே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள். இடத்தைத் தயார் செய்துவிட்டு வாங்கினால் பாதிப் பிரச்சினை வராது.

1. கூண்டு

கடைக்காரர் மீன் தொட்டியைக் காட்டுவார். வேண்டாம். எலியின் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பெரும்பாலான எலிகளின் நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி ஏற்கெனவே இருக்கும். காற்று கெட்டால் அது தலைதூக்கும். அதனால் கம்பிக் கூண்டுதான் சரி. இரண்டு எலிகளுக்கு 75 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். கம்பி இடைவெளி 1.2 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. சுண்டெலி என்றால் 7 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், தலை நுழைகிற இடத்தில் அதன் உடம்பும் நுழைந்துவிடும். அடித்தளமும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். அட்டையோ துணியோ விரித்துவிடுங்கள்.

2. படுக்கை

தச்சுப் பட்டறை மரத்தூள் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதில் தூசி, பிளைவுட் பசை எல்லாம் கலந்திருக்கும். கிழித்த பேப்பர், பழைய பருத்தித் துணி போதும். நனைந்த மூலையை மட்டும் தினமும் எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை மொத்தமாக மாற்றுங்கள். அப்போது பழைய பேப்பரில் காய்ந்ததாக ஒரு கைப்பிடி விட்டுவையுங்கள். தன் வாசனையே இல்லாத கூண்டில் எலி முன்பைவிட அதிகமாகச் சிறுநீர் தெளித்து வைக்கும்.

கூண்டு இருக்கும் அறையில் கொசுவத்தி, சாம்பிராணி, பாச்சை உருண்டை மூன்றும் கூடாது.

3. இரண்டாக வாங்குங்கள்

தனி எலி வாடிப்போகும். இரண்டும் ஒரே பாலாக இருக்க வேண்டும். 5 வார வயதிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், கர்ப்பம் மூன்று வாரம்தான், ஒரு ஈற்றில் பத்துக் குட்டி சர்வசாதாரணம். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் வாலடியில் நீங்களே பாருங்கள், ஆணுக்கு விதைப்பை பளிச்சென்று தெரியும். சுண்டெலியில் ஆண்கள் சண்டை போடும். பெண்களையே வாங்குங்கள்.

4. தீனி

வளர்ந்த எலிக்கு நாளுக்கு 15 முதல் 20 கிராம். எலிகளுக்கான பெல்லட் (அழுத்திச் செய்த தீனித் துண்டு) கிடைத்தால் அதுவே பிரதானம். கூடவே கம்பு, கேழ்வரகு, கேரட், வெள்ளரி, எப்போதாவது வெந்த முட்டை. உப்பு, காரம், வேகாத ராஜ்மா கூடாது. எலியால் வாந்தி எடுக்க முடியாது, தவறாகத் தின்றது உள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் பாட்டிலின் குழாய் முனையைத் தினமும் விரலால் தட்டிப் பாருங்கள், சில சமயம் குழாய்க்குள் இருக்கும் சிறு குண்டு சிக்கிச் சொட்டே வராது.

5. வெயில்

நம் ஊரில் எலி வளர்ப்பின் உண்மையான சோதனை சித்திரை, வைகாசிதான். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குக் கஷ்டம். உடம்பு வியர்க்காது, வால் வழியாகத்தான் கணிசமான சூட்டை வெளியேற்றும். மண் சட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் மதியம் முழுக்க அதற்குள்ளேயே கிடக்கும். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டோடு ஒட்டி வையுங்கள். மின்விசிறிக் காற்று நேராக அடிக்க வேண்டாம். தரையில் நீட்டிப் படுத்து வேகமாக மூச்சு வாங்கினால் வாலையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். தெளியாவிட்டால் உடனே மருத்துவர்.

6. கையில் எடுப்பது

வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோல் உரிந்து வந்துவிடும். இரு கைகளையும் அடியில் கொடுத்து எடுங்கள். பழகிய பிறகு மடியில் படுத்துப் பல்லை நறநறவென்று கடிக்கும். அப்போது கண்கள் உள்ளே வெளியே துடிக்கும். முதல்முறை பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் அது சுகத்தில் இருப்பதற்கான அடையாளம்.

7. உடல்நலம்

கண்ணோரம் சிவப்பாக ஏதாவது காய்ந்திருந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம், கண் சுரப்பியிலிருந்து வரும் நிறமி அது. தூங்கி எழும்போது கொஞ்சம் இருக்கலாம். நாள் முழுக்க இருந்தாலோ, மூச்சில் கரகரப்பு கேட்டாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். எலி பார்க்கிற மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள், நோய் பெரும்பாலும் முதலில் அதில்தான் தெரியும். கூண்டை மேசைமேல் வையுங்கள். தரையில் ஓடும் வீட்டெலியின் சிறுநீர் பட்டால் எலிக்காய்ச்சல் கிருமி உங்கள் செல்லத்துக்கும் தொற்றலாம், உங்களுக்கும் தொற்றலாம்.