ஊர் திரும்பிப் புதுச்சேரியில் வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு: சமையலறையைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

பிரான்ஸிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ வந்து, புதுச்சேரியிலோ கடலூரிலோ தாத்தா காலத்து வீட்டைப் புதுப்பித்துக் குடியேற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது மாடுலர் கிச்சன் கடையில்தான். கதவின் நிறமும் கைப்பிடியும் அன்றைக்கே முடிவாகிவிடும். கழுவிய தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியே போகும் என்ற பேச்சு மட்டும் கடைசி வரை வராது. இந்த ஊரில் சமையலறை நன்றாக அமைவதும் கெடுவதும் தண்ணீரால்தான். அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், அலமாரி அப்புறம் வரட்டும்.

இங்கே எவ்வளவு தண்ணீர் புழங்கும் என்று பாருங்கள். அரிசி களைவது, கீரை அலசுவது, கிரைண்டர் கழுவுவது, இரவில் தரையைக் கழுவித் தள்ளுவது எல்லாம் தினசரி வேலை. மீன் வாங்கினால் இன்னும் அதிகம். குபேர் அங்காடியில் செதில் எடுத்து வெட்டியே கொடுப்பார்கள்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்து உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் யாரும் குழம்பில் போடுவதில்லை. நெத்திலி என்றால் உட்கார்ந்து ஆய வேண்டும். இதை எல்லாம் பாரிஸ் அபார்ட்மெண்டில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன சிங்க்கில் செய்ய முடியாது.

பழைய தமிழ் வீடுகளில் இதற்குத்தான் பின்கட்டு இருந்தது. கிணற்றடி, கழுவும் கல், அம்மி எல்லாம் சமையலறைக்குப் பின்னால் திறந்த வெளியில் இருக்கும். புதுப்பிக்கும்போது பலர் அந்த இடத்தை மூடி ஸ்டோர் ரூம் ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான்கடிக்கு நான்கடி இடம் விட்டாலும் போதும். தாழ்வாக ஒரு குழாய், பெரிய அண்டா நுழைகிற அளவு ஒரு சிங்க், வழுக்காத தரை, மேலே வெயில் படுகிற மாதிரி ஒரு பாதி திறப்பு. என்னைக் கேட்டால், பணம் குறைவாக இருந்தால் உள்ளே இருக்கும் அலமாரியில் பாதியைக் குறைத்துவிட்டு இதைக் கட்டச் சொல்வேன்.

தரைக்கு வாட்டம் முக்கியம். நான்கடி நீளத்துக்கு அரை அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் தானாக ஜாலிக்கு (தரையில் தண்ணீர் இறங்கும் துளைமூடிக்கு) ஓடும், நடக்கும்போது சரிவும் தெரியாது. சிங்க்கிலிருந்து போகும் கழிவுநீர்ப் பைப் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வளைவுகளும் குறைவாக இருக்கட்டும். அடைத்துக்கொண்டால் திறந்து சுத்தம் செய்ய வெளியே ஒரு சேம்பர் வையுங்கள், அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மூடிவிடாதீர்கள். மேஸ்திரியிடம், "அண்ணே, இந்தத் தண்ணி எங்க போய்ச் சேரும்?" என்று சுவர் உடைக்கும் முன்பே கேளுங்கள். அவர் கையால் காட்டும் பாதையில் தெருச் சாக்கடை வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் ஊறுவது கீழ் அலமாரிதான். உங்கள் தெரு தண்ணீர் நிற்கும் தெருவா என்று பக்கத்து வீட்டு ஆயாவிடம் கேட்டால் சரியாகச் சொல்வார். நிற்கும் என்றால் ஸ்விட்ச் போர்டுகள் எல்லாம் மேடைக்கு மேலே இருக்கட்டும், அரிசி மூட்டையும் கிரைண்டரும் தரையில் வேண்டாம்.

இனி பொருட்கள். ஐரோப்பாவில் விற்கும் சமையலறைகளில் உட்பெட்டி பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. இங்கே அது வேண்டவே வேண்டாம். ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பிவிடும், பிறகு திருகாணி நிற்காது. எனக்குப் பிடித்த முறை பழைய முறைதான்: கடப்பா கல்லையோ மெல்லிய சிமெண்ட் பலகையையோ வைத்து உள்தட்டுகளைக் கட்டி, முன்னால் மட்டும் கதவு போடுவது. கரையான் தொடாது, நனைந்தாலும் துடைத்துவிட்டால் போதும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் பலகைக்கான இந்தியத் தர எண்) உள்ளதாகக் கேளுங்கள். 303 முத்திரைப் பலகை படுக்கையறைக்குப் போதும், சிங்க்குக்குக் கீழே அதை நம்ப முடியாது. உப்புக்காற்றில் கதவுக் கீலும் இழுப்பறைச் சானலும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் 304 தர எவர்சில்வரில் வாங்குங்கள். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு என்றால் 316 தரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மேடைக்குக் கருப்பு கிரானைட்டை மிஞ்ச எதுவும் இல்லை. எலுமிச்சையும் புளியும் பட்டால் மார்பிள் அரித்துப்போகும், கிரானைட் தாங்கும். உயரத்தை மட்டும் மேஸ்திரி வழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். தினமும் சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும், அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை வந்தால் தோள் வலிக்காது. பிரான்ஸில் 90 சென்டிமீட்டர் மேடைக்குப் பழகியிருப்பீர்கள், ஆனால் அங்கே அடுப்பு மேடைக்குள்ளேயே பதிந்திருக்கும். இங்கே கேஸ் அடுப்பு மேடைமேல் உட்காரும், அதன்மேல் பிரியாணிச் சட்டி ஏறும். அதனால் அடுப்பு இருக்கும் பகுதியை மட்டும் கொஞ்சம் இறக்கிக் கட்டினால் கிளறச் சுலபம். அளவை அடியிலும் அங்குலத்திலும் சொல்லுங்கள், சென்டிமீட்டரில் சொன்னால் கொத்தனார் மனதில் மாற்றிக்கொள்வார், அங்கேதான் தவறு வரும். பிளைவுட்டுக்கு மட்டும் மில்லிமீட்டர் பேசுகிறார்கள்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அலமாரியில் கீழே காற்றோட்டத் துளை அவசியம். ஜன்னல் மேலே இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது.

ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை பலருக்கும் ஆசை. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வடகம் தாளித்தால் அந்த மணம் வீடு முழுக்கப் போவது சந்தோஷம்தான், ஆனால் கருவாட்டு வாசனை சோபாவில் ஏறினால் போகாது. நடுவில் கண்ணாடிக் கதவு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சிம்னி வாங்கினால் பைப் வழியாகப் புகையை வெளியே தள்ளும் வகை மட்டும்.

மின்சாரம் இங்கும் பிரான்ஸ் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உங்கள் சாமான்களுக்கு பிளக் மாற்றினால் போதும். கனடாவிலிருந்து வருபவர்கள் 120 வோல்ட் மிக்சியை அங்கேயே கொடுத்துவிட்டு வரலாம். நான்கு வட்ட இண்டக்ஷன் அடுப்பு 7 கிலோவாட் வரை இழுக்கும். அதற்குத் தனி லைனும், மின் இணைப்பில் கூடுதல் லோடும் வேண்டும். புதுச்சேரியில் புதுச்சேரி மின்துறையிடமும், கடலூரில் தமிழ்நாட்டு மின்வாரியத்திடமும் விண்ணப்பிக்க வேண்டும். இடைப்பட்ட தூரம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்று யூனியன் பிரதேசம், மற்றது தமிழ்நாடு. கட்டட அனுமதியும் அப்படித்தான் பிரியும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தாழ்வாரமும் முற்றமும் உள்ள பழைய வீடு உங்களுடையது என்றால் ஒரு வேண்டுகோள். சுண்ணாம்புக் காரைச் சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சுவரில் ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்பு பூத்துப் பொரிந்து விழும். மேடைக்குமேல் இரண்டடி டைல்ஸ் போதும், மீதிச் சுவர் சுண்ணாம்பாகவே மூச்சு விடட்டும். மரவிட்டம் தாங்கும் சுவரை இடிக்கும் முன் பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரிடம் காட்டுங்கள்.

வேலையைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்குவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை, பூச்சு காயாது, பலகை ஈரம் குடிக்கும். வேலை முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மேஸ்திரி முன்னாலேயே இரண்டு பக்கெட் தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள், சிங்க்கையும் நிரப்பி ஒரேயடியாகத் திறந்து விடுங்கள். எங்காவது குட்டையாக நின்றால் அந்த டைல்ஸை எடுத்துத் திரும்பப் பதிக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் மீண்டும் கொட்டிப் பார்த்துப் பணம் கொடுங்கள்.